கவாத்துக் காலம் எது? ஹாக்கி அணியின் மறுகட்டமைப்பைப் படித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் ஜனவரி மாதத்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு, புல்மேட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நேரத்தில், டொராண்டோவில் இரவு ஏழு மணி ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்குகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இம்மலையில் குடியேறிய குடும்பங்களில் சிலவற்றுக்குக் கனடாவில் உறவினர் உண்டு. அந்த வழியாக இங்குள்ள பிள்ளைகள் சிலர் என்எச்எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கைக் கைப்பேசியில் பின்தொடரத் தொடங்கியிருக்கிறார்கள். புல்தரை ஹாக்கி நமக்குப் புதிதன்று. மட்டையும் பந்தும் கோவில்பட்டியிலும் வெலிங்டனிலும் வீட்டுப் பொருள் போல. ஆயினும், அணி தன் சிறந்த ஆட்டக்காரரை ஏன் விற்கிறது, கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் ரசிகர்கள் ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற கேள்விகள் புதியவர்களைக் குழப்புகின்றன. இந்த ஆண்டு வெல்வதற்கும் ஐந்தாண்டு கழித்து வெல்வதற்கும் இடையே ஓர் அணி எவ்வாறு கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கு சரியா தவறா என்று நீங்களே எவ்வாறு சோதிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதற்படி: வேலியை அறிதல்

விதிகளை அறியாமல் ஒரு மேலாளரைக் குறை சொல்வது எளிது. என்எச்எல்லில் 32 அணிகள் உள்ளன. 2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறால் ரத்தான பின், 2005-06 முதல் கண்டிப்பான சம்பள வரம்பு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் 3.9 கோடி டாலராக இருந்த அந்த வரம்பு 2025-26இல் 9.55 கோடி டாலராக உயர்ந்திருக்கிறது. எவ்வளவு பணக்கார உரிமையாளராக இருந்தாலும் இதற்கு மேல் செலவழிக்க முடியாது. ஆகவே ஒருவருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொருவரிடமிருந்து எடுக்கப்படுவதே.

இரண்டாவது விதி, டிராஃப்ட். ஒவ்வோர் ஆண்டும் பதினெட்டு வயதை எட்டிய இளைஞர்களை அணிகள் ஏழு சுற்றுகளில் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடராகிய பிளே ஆஃபுக்குள் நுழையாத 16 அணிகளுக்கும் தேர்வு வரிசைக்கான குலுக்கல் உண்டு. கீழே இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி கிடையாது. இப்போதுள்ள முறையில் கடைசி இடத்து அணி அதிகபட்சம் மூன்றாம் தேர்வு வரைதான் இறங்கும். குலுக்கலில் வென்ற அணி பத்து இடங்களுக்கு மேல் ஏறாது. 2025இல் பத்தாம் நிலையில் நின்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் குலுக்கலில் வென்று முதல் தேர்வாக மாத்யூ ஷேஃபரை எடுத்தது. கடைசி இடத்தில் முடித்த சான் ஹோசே இரண்டாம் தேர்வோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது. வேண்டுமென்றே தோற்பதைத் திட்டமாகக் கொள்ளும் அணிகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இந்தக் குலுக்கல் ஒரு காரணம்.

மூன்றாவது, ஒப்பந்தம். டிராஃப்டில் வந்த பதினெட்டு வயதுக்காரரின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு. அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்குள் அடங்கும். அந்த மூன்றாண்டும் அவர் நட்சத்திரமாக ஆடினால், அணிக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தேழு வயதிலோ ஏழு பருவம் ஆடிய பிறகோ ஒப்பந்தம் முடிந்தால், அவர் எந்த அணிக்கும் போகலாம். இந்த மூன்றாண்டுக்கும் இருபத்தேழு வயதுக்கும் நடுவேதான் அணிகளின் சூதாட்டம் முழுவதும் நடக்கிறது.

இரண்டாம் படி: நோட்டில் நான்கு பத்திகள்

உங்கள் அணியின் மிக முக்கியமான எட்டுப் பேரை மட்டும் எழுதுங்கள்: பெயர், வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, சம்பளம். எல்லா வீரர்களையும் எழுதத் தேவையில்லை; மூன்றாம் நான்காம் வரிசை ஆட்டக்காரர்களை ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் உச்சத்தில் இருப்பார்கள். தடுப்பாட்டக்காரர்களும் கோல்கீப்பர்களும் சற்றுப் பிந்தி முதிர்கிறார்கள். எட்டுப் பேரில் ஐவர் 23 முதல் 28 வயதுக்குள் இருந்து, அவர்களில் மூவரின் ஒப்பந்தம் இன்னும் நான்காண்டு நீடித்தால், அந்த அணிக்கு அவகாசம் இருக்கிறது. ஐவர் 31ஐத் தாண்டியிருந்தால், பருவம் முழுவதும் வென்றாலும் அந்த அணி கடன் வாங்கித்தான் வாழ்கிறது.

மூன்றாம் படி: வெற்றி உண்மையானதா எனப் பார்த்தல்

வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அடித்த கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்து எழுதுங்கள். பிறகு, கோல்கீப்பர் ஒருவர் மட்டும் அணியைத் தூக்கிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் நிறைய வென்ற அணி, அடுத்த ஆண்டு அதே ஆட்டத்தை ஆடி நிறையத் தோற்கக்கூடும். இதைச் சரிபார்க்காமல்தான் பல மேலாளர்கள், சராசரி அணியைக் கோப்பைக்குத் தகுந்த அணி என்று நம்பி வருங்காலத்தை அடகு வைத்தார்கள்.

நான்காம் படி: கவாத்தா, கொழுந்தா என்று முடிவு செய்தல்

இங்கே சற்று நின்று பேச வேண்டும். தேயிலை வைத்திருப்போர் அறிந்த விஷயம்தான்: செடியைத் தொடர்ந்து பறித்துக்கொண்டே போனால் பறிமட்டம் உயர்ந்து, கொழுந்து குறைந்து, இலை முரடாகிவிடும், ஆகவே நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துப் பண்ண, அதாவது கிளைகளை வெட்டிவிட, வேண்டும். கவாத்துப் பண்ணிய மாதங்களில் அந்த இடத்திலிருந்து வருமானம் இல்லை. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் யாருக்கும் வெட்ட மனம் வராது; விலை விழுந்த ஆண்டில் வெட்டக் கூலி கொடுக்கப் பணம் இருக்காது. எங்கள் பெரியப்பா ஒன்றேகால் ஏக்கரை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கில்தான் முப்பது ஆண்டு தடுமாறினார். அவர் கற்றுக்கொண்ட தீர்வு இரண்டு: ஒன்று, முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுவது, மற்றொன்று, வேரில் வலு இல்லாத செடியை வெட்டாமல் முதலில் அதற்கு ஓய்வு கொடுப்பது. வேரில் மாச்சத்து சேர்ந்திருந்தால்தான் வெட்டிய செடி துளிர்க்கும்; இல்லையேல் அப்படியே காய்ந்துவிடும். தோட்டங்களில் வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பது இதற்காகவே.

நட்சத்திரங்களை விற்று, இளைஞர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டுவதே ஹாக்கியின் கவாத்து. அணியிலும் வேர் உண்டு. டிராஃப்டில் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் இளைஞர்கள், கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் அணியினர், அவர்களை வளர்க்கும் பயிற்சியாளர்கள், நன்றாகக் கண்டறியும் ஆள்தேடுநர்கள் ஆகியோரே அந்த வேர். இவை இல்லாமல் நட்சத்திரங்களை விற்றுவிட்டால், கையில் டிராஃப்ட் தேர்வுகள் நிறைய இருந்தும் ஒன்றும் துளிர்க்காது. பஃபலோ அணி 2011க்குப் பிறகு 2025 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளே ஆஃபைக் காணாமல் லீக் வரலாற்றுச் சாதனை ஒன்றைப் படைத்தது. அவ்வளவுக்கும் அந்தக் காலத்தில் 2015இல் இரண்டாம் தேர்வும், 2018, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் முதல் தேர்வும் அதன் கைக்கு வந்தன.

எதிர்ப்பக்கத்தில் டெட்ராய்ட். 1991 முதல் 2016 வரை 25 பருவங்கள் தொடர்ந்து பிளே ஆஃபுக்குள் நுழைந்த அணி அது. அதன் நட்சத்திரங்களில் லிட்ஸ்ட்ராம் 53ஆம் தேர்விலும், டட்சூக் 171ஆம் தேர்விலும், செட்டர்பெர்க் 210ஆம் தேர்விலும் கிடைத்தவர்கள். அத்தகைய கண்டுபிடிப்புகள் இருந்த வரை கவாத்தே தேவைப்படவில்லை. அந்த ஊற்று வற்றிய பின்னும், தொடர் அறுந்துவிடக்கூடாது என்பதற்காக மூத்தவர்களை வாங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார்கள். தொடர் 2017இல் அறுந்தது. 2025 வரை ஒருமுறைகூட அவர்களால் பிளே ஆஃபுக்குத் திரும்ப முடியவில்லை. மூன்றாண்டு முன்னதாகக் கொஞ்சம் வெட்டியிருந்தால் இவ்வளவு நீண்ட வறட்சி வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் வென்றுகொண்டிருக்கும் அணியை வெட்டச் சொல்லும் மேலாளரை உரிமையாளர் வைத்திருப்பாரா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் நோட்டில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: முழுமூச்சாக வெல்லும் காலம், முழுக் கவாத்து, பகுதிக் கவாத்து. எதையும் எழுதாமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. பிளே ஆஃபின் வாசலிலேயே ஆண்டுதோறும் ஊசலாடும் அணிக்கு நல்ல தேர்வும் கிடைக்காது, கோப்பையும் கிடைக்காது.

ஐந்தாம் படி: விற்கும் நேரமும் விலையும்

கொலராடோவின் கதையை மெதுவாகப் படியுங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2016-17 பருவத்தில் அந்த அணி 82 ஆட்டங்களில் 48 புள்ளிகள் மட்டும் பெற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது. குலுக்கலிலும் அதிர்ஷ்டம் கைவிட்டது. அன்றைய விதிப்படி நான்காம் தேர்வுக்குத் தள்ளப்பட்டது. நட்சத்திர வீரர் மாட் டுஷேன் வேறு அணிக்குப் போக விரும்பினார். அப்போது மேலாளர் ஜோ சாக்கிக், வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்; ஊடகங்கள் அவரைக் கேலி செய்தன. 2017 நவம்பரில், மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில், டுஷேன் ஒட்டாவாவுக்குப் போனார். கொலராடோவுக்குச் சாமுவேல் ஜிரார்ட் என்ற இளம் தடுப்பாட்டக்காரரும், ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வும், வேறு சிலரும் கிடைத்தார்கள். அந்தத் தேர்வு 2019இல் நான்காம் இடமாகி, போவன் பைரம் வந்தார். முன்பு குலுக்கலில் தோற்றுக் கிடைத்த அந்த நான்காம் தேர்வில் எடுக்கப்பட்டவர் கேல் மக்கார். 2022இல் கொலராடோ என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

இதில் கவனிக்க வேண்டியது, கொலராடோ எல்லோரையும் விற்கவில்லை என்பது. 2013இல் முதல் தேர்வாக வந்த மெக்கின்னனையும், 2015இல் பத்தாம் தேர்வாக வந்த ரான்டனனையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கவாத்து வெட்டும்போது சில கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். வெட்டுப்பட்ட செடி துளிர்க்கும் வரை அந்த இலைகள்தான் அதற்கு மூச்சு. இளம் நட்சத்திரம் இருக்கும் அணி அவரையும் சேர்த்து விற்கிறது என்றால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஐயப்படுங்கள்.

விற்பனைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் மறுபடி கோப்பைக்குப் போட்டியிடும் ஆண்டில் இந்த வீரருக்கு வயது என்ன? 33 என்றால் விற்கலாம். 26 என்றால் யாரும் எவ்வளவு கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவரை, பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் பரிமாற்றக் கெடுவுக்கு முன் விற்றுவிட வேண்டும். நினைவுக்காகவும் நன்றிக்காகவும் வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்து ஜூலையில் சும்மா இழப்பதை ரசிகர்கள் பாசம் என்பார்கள். கணக்கில் அது வெறும் நட்டம்.

ஆறாம் படி: வாங்குவதில் உள்ள ஆபத்து

மேற்சொன்ன பேரத்தின் மறுபக்கம் ஒட்டாவா. 2017இல் அரையிறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில்தான் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. இன்னும் ஒருவர் வந்தால் கோப்பை நமதே என்று நினைத்து டுஷேனை வாங்கியது. மூன்றாம் படியைச் செய்திருந்தால், அந்தப் பருவத்தில் அது அடித்த கோல்களைவிட வாங்கியவை அதிகம் என்பது தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டே அணி சரிந்தது. 2018 செப்டம்பரில் அணித்தலைவர் எரிக் கார்ல்சனையே சான் ஹோசேக்கு விற்றது.

இப்போது அதே ஆசை சான் ஹோசேக்கு வந்தது. 2019இல் அரையிறுதித் தொடர் வரை சென்றார்கள். கார்ல்சனுக்கு எட்டாண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அடுத்த பருவத்திலேயே அடித்தளத்துக்கு விழுந்தார்கள். அவர்கள் ஒட்டாவாவுக்குக் கொடுத்திருந்த 2020ஆம் ஆண்டுத் தேர்வு மூன்றாம் இடமாகி, டிம் ஸ்டுட்ஸ்லே ஒட்டாவாவுக்குப் போனார். வாங்கியவர் விற்றவராகி, விற்றவர் பயனடைவது இரண்டே ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. ஆதலால் வருங்காலத் தேர்வைக் கொடுக்கும் அணி, அது முதல் பத்துக்குள் விழுந்தால் தராமல் தள்ளிவைக்கும் பாதுகாப்பு நிபந்தனையை எழுதிக்கொண்டதா என்பதைச் செய்தியில் தேடிப் பாருங்கள்.

வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. டாம்பா பே அணி 2018-19இல் 62 ஆட்டங்களை வென்றுவிட்டு, முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. வேறு அணியாக இருந்தால் பயிற்சியாளரின் தலை உருண்டிருக்கும். டாம்பா தன் மையத்தைக் கலைக்காமல், 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இரு உழைப்பாளி ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பை வந்தது. மையம் இளமையாகவும், ஒப்பந்தம் நீண்டும் இருந்ததால் அந்த விலை தகும்.

ஏழாம் படி: நீண்ட ஒப்பந்தத்தின் வட்டி

மினசோட்டா 2012 ஜூலையில் ஸேக் பரீஸே, ரையன் சூட்டர் இருவருக்கும் தலைக்கு 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2021இல் இருவரையும் பணம் கொடுத்து அனுப்ப நேர்ந்தது. அதனால் 2023-24இல் வரம்பு 8.35 கோடி டாலராக இருக்கையில், ஆடாத இருவருக்காக மட்டும் 1.47 கோடி டாலருக்கு மேல் கணக்கில் கழிந்தது. ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். மற்ற அணிகள் நூறு ரூபாயில் குடும்பம் நடத்தும்போது எண்பத்திரண்டு ரூபாயில் நடத்துவது போன்ற நிலை. 2013இல் லீக்கும் வீரர் சங்கமும் செய்த உடன்பாடு ஒப்பந்த நீளத்தை எட்டாண்டாகக் கட்டுப்படுத்தியது; புதிய உடன்பாடு அதை ஏழாகக் குறைக்கிறது. முப்பது வயதைத் தாண்டியவருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் என்ற செய்தி வந்தால், நோட்டில் அதன் கடைசி மூன்று ஆண்டுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

எட்டாம் படி: இளைஞர்களை வளர்ப்பதும், நிறுத்த வேண்டிய நேரமும்

எட்மண்டன் 2010, 2011, 2012 என மூன்றாண்டும் தொடர்ந்து முதல் தேர்வைப் பெற்றது. மூவரும் முன்கள வீரர்கள். தடுப்பு வரிசை வெறுமையாக இருந்ததால், 2006க்குப் பிறகு தொடங்கிய பிளே ஆஃப் வறட்சி பத்துப் பருவங்கள் நீடித்தது. 2015இல் முன்கள நட்சத்திரம் கானர் மெக்டேவிட் வந்த பிறகும், 2016இல் டெய்லர் ஹாலைக் கொடுத்து ஒரு தடுப்பாட்டக்காரரை வாங்க வேண்டியிருந்தது. தொடர்ந்து தோற்கும் அறையில் பதினெட்டு வயதுப் பையன்களை மட்டும் உட்கார வைத்தால் தோல்வியே பழக்கமாகிவிடும். மறுகட்டமைப்பில் இருக்கும் அணி, சுமாராக ஆடினாலும் ஒழுங்காகப் பயிற்சிக்கு வரும் 32 வயதுக்காரர் இருவரையாவது வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுகட்டமைப்பு எப்போது முடிகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இருவர் அணியின் சிறந்த ஐவருக்குள் வந்துவிட்டால், விற்பதை நிறுத்தி வாங்கத் தொடங்க வேண்டும். அவர்களின் சம்பளம் ஏறுவதற்குள் கிடைப்பது மூன்றாண்டு மட்டுமே.

இடித்துக் கட்டாமலே புதுப்பித்தவர்களும் உண்டு. ஃப்ளோரிடா 2021-22இல் லீக்கின் முதலிடத்தில் முடித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் டாம்பாவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது. அந்த ஜூலையில், அடித்த கோலும் உதவிய கோலும் சேர்த்து 115 புள்ளிகள் எடுத்த, 29 வயதான ஜோனத்தன் யூபர்டோவையும் தடுப்பாட்டக்காரர் வீகரையும் கொடுத்து, 24 வயது மாத்யூ கச்சக்கை வாங்கியது. அன்று பலர் சிரித்தார்கள். 2023இல் இறுதிக்கு வந்தார்கள். 2024, 2025இல் கோப்பையை எடுத்தார்கள். பகுதிக் கவாத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

நம் ஹாக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

ஹாக்கி இந்தியா லீக் 2013 முதல் 2017 வரை நடந்து, நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அங்கே டிராஃப்ட் இல்லை, ஏலம். மீண்டும் தொடங்கியபோது ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடி ரூபாய். 24 பேர் கொண்ட அணியில் குறைந்தது 16 இந்தியர், அவர்களில் நால்வர் ஜூனியர்களாக இருக்க வேண்டும், வெளிநாட்டவர் எட்டுப் பேர். தோற்பதால் அடுத்த ஆண்டு நல்ல இளைஞர் கிடைப்பார் என்ற நிலை இல்லாததால், முழுக் கவாத்துக்கு இங்கே அர்த்தமே இல்லை. ஆகவே தமிழ்நாடு டிராகன்ஸ் அணியைப் பார்க்கும்போது, அந்த நான்கு ஜூனியர் இடங்களில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆட வாய்ப்புக் கிடைக்கிறது என்பதை எண்ணுங்கள். விதிக்காக எடுத்து பெஞ்சில் உட்கார வைக்கும் அணி நாளைக்கென்று எதையும் நடவில்லை. கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள் என்றால், நாற்றங்கால் நம்மிடம் இருக்கிறது என்று பொருள்.

இனி செய்ய வேண்டியது ஒன்றே. ஜூலை 1 அன்று நம் நேரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான என்எச்எல்லின் திறந்த சந்தை தொடங்கும். அதற்கு முந்தைய நாளே உங்கள் அணியின் எட்டுப் பெயர்களை எழுதி, பக்கத்தில் உங்கள் முடிவையும் எழுதி, தேதி போட்டு மூடி வையுங்கள். அணி செய்வதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கத்தைத் திருத்தாதீர்கள். அடுத்த பருவத்தின் உறைபனிக் காலத்தில் எடுத்துப் பார்க்கலாம்.